அப்பிச்சியின் பென்ஸ்: பட்டி பார்ப்பதற்கு முன்

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) 1988இல் சென்னையில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 240டி கார், கோபிசெட்டிபாளையம் பக்கம் அவருடைய தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டி. 1980ஆம் ஆண்டுப் பதிவு. 2009இல் அவர் காலமானது முதல் யாரும் அதைத் தொடவில்லை. வண்டி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. முன்பாதி புளியமரத்தடியிலும் பின்பாதி சாளைக்குள் உர மூட்டைகளுக்குப் பக்கத்திலுமாக நிற்கிறது. நான் பெருந்துறை சிப்காட்டில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் ஓரளவு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மாமன் மகனும் சேர்ந்து இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? ஈரோட்டில் ஒரு டிங்கர் (கார்த் தகடு வேலை செய்பவர்), 85 ஆயிரம் ரூபாய்க்குப் பட்டி (மேடுபள்ளம் நிரப்பும் பசை) பார்த்துப் பெயின்ட் அடித்துப் புதுசு போலத் தருகிறேன் என்கிறார். மாமாவோ, 15 வருடம் தாண்டிய வண்டியைச் சட்டப்படி உடைக்கத்தான் வேண்டும் என்கிறார். புது பேட்டரி வாங்கிவிட்டேன். இந்த வாரம் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். படங்களை இணைத்திருக்கிறேன். வலது பக்கம்தான் துரு மிக அதிகம். ஓட்டுநர் காலடியில் உள்ள மேட் மழைக்குப் பிறகு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

கடிதத்தின் கடைசியில் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியை இந்த வாரம் மாட்ட வேண்டாம். 2009 முதல் சுழலாத எஞ்சினில் சிலிண்டர் சுவரில் துரு படிந்து, பிஸ்டன் ரிங்குகள் அதோடு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் கொடுக்கும் ஒரே உதையில் ரிங் உடைந்தால், எண்ணெய் மாற்றி ஓட்டியிருக்க வேண்டிய எஞ்சினை முழுதாகப் பிரிக்க நேரிடும். டேங்கில் பிசினாகிப்போன டீசலும் எலி கடித்த ஒயர்களும் தரும் தொல்லை தனி. எஞ்சினை எழுப்பும் முறையை அதற்குரிய இடத்தில் எழுதுகிறேன்.

வீட்டிலேயே முடியுமா என்றால், பெரும்பகுதி முடியும். ஆனால் இந்த வண்டியை மீட்பது தகுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் அடிப்பாகம். மேலே தெரியும் பெயின்ட்டும் சீட்டும் நிக்கலும் அப்புறம். இதைச் சொல்லக் காரணம், வீட்டில் தொடங்கிப் பாதியில் நின்ற பழைய கார்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வேலையைத் தொடங்கியவை. ஆறு மாதம் உழைத்து மட்கார்டைத் தேய்த்து மினுக்கிய பிறகு, அடியில் ஜாக்கி வைக்க இடமில்லை என்று தெரிய வந்தால் எவருக்குமே மனம் விட்டுப்போகும்.

வண்டியைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. இது டபிள்யூ 123 என்ற வரிசையைச் சேர்ந்தது. 1976 முதல் 1986 தொடக்கம் வரை ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் இந்த வரிசையில் வெளிவந்தன. அத்தனை வண்டிகள் ஓடியதால் கதவு ரப்பர் முதல் அடித்தகடு வரை இன்றும் செய்து விற்கிறார்கள். நிறுவனமே பழைய வண்டிகளுக்கென 1993இல் ஜெர்மனியின் ஃபெல்பாக்கில் தனி மையம் தொடங்கி, பாகங்களைத் தொடர்ந்து தருகிறது. விலை உறைக்கும், ஆனால் கிடைக்கும். அதைவிடப் பெரிய வசதி எஞ்சின். உங்கள் 240டியில் உள்ள ஓஎம் 616 என்ற நான்கு சிலிண்டர் 2.4 லிட்டர் டீசல் எஞ்சினைத்தான் பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இங்கேயே செய்து, ட்ராக்ஸ் ஜீப்புகளிலும் டிராவலர் வேன்களிலும் பூட்டியது. பழனிக்கும் ஊட்டிக்கும் ஆள் ஏற்றிப் போன அந்த வேன்களைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக்குகள் கோபியிலும் சத்தியமங்கலத்திலும் நிச்சயம் இருப்பார்கள். பென்ஸ் என்ற பெயரைக் கேட்டு மிரளாமல், டெம்போ எஞ்சின் என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். பாகங்கள் வாங்கும்போது மட்டும் கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிப்படை ஒன்றாக இருந்தாலும் எல்லாப் பாகமும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் படங்கள். வலது பக்கம் மட்டும் ஏன் அவ்வளவு துரு என்ற கேள்விக்கு விடை நான்காவது படத்திலேயே இருக்கிறது: வலது பின் சக்கரத்தை ஒட்டி அடுக்கியுள்ளவை பொட்டாஷ் மூட்டைகள். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்குப் பங்காளி. மழைக்காலக் காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக் கசியும். அந்தக் கசிவு தரையில் பரவி, தூசியோடு சேர்ந்து தகட்டில் படியும். குளோரைடு இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைக் குலைப்பதால் துரு பல மடங்கு வேகமாக ஓடும். கோவை, ஈரோடு வட்டாரத்தில் கடற்காற்று இல்லை, மழையும் குறைவு, ஆகவே வண்டி கெடாது என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு அது ஓரளவு உண்மை. உரச் சாளைக்குள் நிற்கும் வண்டி கடற்கரையில் நிற்பதற்குச் சமம். மூட்டைகளை இன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் காலடி ஈரத்துக்குக் காரணம் புளியமரம் என்று ஊகிக்கிறேன். முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் பின்விளிம்பை ஒட்டி, உள்ளே காற்று போவதற்கான வலைத்தட்டி இருக்கிறது. அதன் அடியில் உள்ள பள்ளத்தில் விழும் மழைநீர் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாக வெளியே வடிய வேண்டும். வேப்பிலையோ மாவிலையோ என்றால் வலையிலேயே தங்கிவிடும். புளிய இலை வலைக்குள் புகுந்து மக்கி, சேறாகி, துளைகளை அடைத்துவிடும். வழி அடைபட்ட தண்ணீர் ஹீட்டர் பக்கமாக உள்ளே இறங்கி, கம்பளத்தின் கீழுள்ள கனமான பஞ்சில் ஊறி நிற்கும். மேலே கம்பளம் காய்ந்தது போலத் தெரிந்தாலும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பானட்டைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் அந்தத் துளைகளைக் குத்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி இரு பக்கமும் வடிகிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் இருக்கும் வண்டியானால் அதன் நான்கு மூலைக் குழாய்களுக்கும் இதே சோதனை. பின் கண்ணாடியின் அடி ரப்பர் வெடித்திருந்தால் டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நிற்கும், அதையும் பாருங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் துருவைச் சுரண்டுவது வீண் வேலை.

அடுத்த வேலை அடிப்பாகத்தைச் சோதிப்பது. வண்டிக்குக் கீழே போவதற்கு முன் நீளமான குச்சியால் சீட்டுக்கடியிலும் டிக்கியிலும் எஞ்சின் அறையிலும் தட்டிப் பாருங்கள். தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் எலி இருந்தால், எலியைத் தேடி வந்ததும் இருக்கும். சமமான சிமென்ட் களத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். செங்கல், ஹாலோ பிளாக், ஜாக்கி மட்டும் என்று எதையும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டை வைக்கும் இடமே துருப்பிடித்திருந்தால், சக்கரத்தைத் தாங்கும் அச்சுப் பாகங்களுக்குக் கீழே வையுங்கள்.

இந்த மாதிரியில் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, வண்டியின் எடையைத் தாங்கும் உத்திரம். அதைக் கதவடிப் பெட்டி என்று எழுதுகிறேன். அதில் ஜாக்கிக் கம்பியைச் செருக, பக்கத்துக்கு இரண்டாக நான்கு துளைகள் இருக்கும். ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். மூடி தொலைந்த துளை வழியாகச் சேறு புகுந்து, உள்ளிருந்து வெளியே அரிக்கும். படத்தில் உங்கள் வண்டியின் வலது பின் துளைக்கு மூடி இல்லை. அதைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கிறது. ஒரு பழைய திருப்புளியின் கைப்பிடியால் அந்த இடத்தைத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு பொத்தென்று அடங்கும். பிறகு திருப்புளி முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் கவலைப்படாதீர்கள், துளையை நீங்கள் போடவில்லை; அது ஏற்கெனவே அங்கே இருந்தது. இதே போல முன் சக்கரங்களுக்குப் பின்னால் மட்கார்டின் அடிமுனை, பேட்டரித் தட்டின் கீழ்ப்பகுதி, ஓட்டுநர் காலடித் தகடு, பின் அச்சைத் தாங்கும் பாகம் உடலோடு சேரும் இடங்கள், ஸ்டெப்னிக் குழி ஆகிய எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். அடியில் தார் போன்ற கருப்புப் பூச்சு இருக்கும். அது வழுவழுப்பாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். அந்தப் பூச்சு வெடித்த இடத்தில் தண்ணீர் புகுந்து, பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளியே தெரியாமல் ஓடியிருக்கும்.

முன் மட்கார்டுகள் போல்ட்டு போட்டுப் பூட்டியவை; கழற்றிவிட்டு வேறு வாங்கிப் பூட்டலாம். காலடித் தகட்டில் ஓட்டை விழுவது சாதாரணம், அஞ்ச வேண்டியதில்லை. கதவடிப் பெட்டியின் வெளித்தகடு போயிருந்தாலும் வேலை பார்க்கலாம். ஆனால் இரு பக்கமும் உள்தகடு வரை உளுத்து, முன் எஞ்சினைத் தாங்கும் நீளத் தகட்டுப் பெட்டிகளும் பின் அச்சு உடலோடு சேரும் இடங்களும் போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை வேலையாக இதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். அப்படிப்பட்ட வண்டியை, உடல் கோணாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்தில் பூட்டித்தான் வெட்ட வேண்டும். வீட்டில் அது நடக்காது. படங்களை வைத்துப் பார்த்தால் இடது பக்கம் பெரிதும் தப்பியிருக்கிறது. வலது பக்கம் பாதிக்குப் பாதி.

வேலையைத் தொடங்குவதானால் நான் ஒரே நிபந்தனை வைப்பேன்: முழு வண்டியையும் கழற்றாதீர்கள். ஒரு மூலையை எடுத்து, கழற்றி, சுத்தம் செய்து, துருவை நீக்கி, ப்ரைமர் (அடிப்பூச்சு) பூசி, திருப்பிப் பூட்டிய பிறகே அடுத்த மூலைக்குப் போங்கள். மில்லில் ஒரு இயந்திரத்தைப் பிரித்தால் அன்றைக்கோ மறுநாளோ பூட்டிவிடுவீர்கள். இங்கே பிரித்ததைப் பூட்டப் பல மாதம் ஆகும், அதற்குள் எந்த போல்ட்டு எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகும். கழற்றும் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளையும் தனிப் பையில் போட்டு, தேதியும் இடமும் எழுதிக் கட்டுங்கள். நல்ல போல்ட்டுகளைத் துருப்பிடித்தவை என்று காயலான் கடைக்குத் தள்ளிவிட வேண்டாம். அவற்றின் தலையில் உள்ள எண் அவற்றின் வலிமையைக் குறிக்கிறது, 8.8 என்று போட்ட போல்ட்டுக்குப் பதிலாக இரும்புக் கடையில் எண்ணில்லாத போல்ட்டு வாங்கிப் பூட்டக் கூடாது.

துருவை நீக்கும் வேலைதான் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டிக்கென்று ஒரு முதல் படி இருக்கிறது, மற்ற வண்டிகளுக்கு அது இவ்வளவு முக்கியமில்லை: வலது பக்க அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். துருப்பிடித்த இரும்பைத் தண்ணீரால் கழுவுவதா என்று தோன்றும். பொட்டாஷ் உப்பு துருவின் நுண்துளைகளுக்குள் தங்கியிருக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்தால் அது போகாது, தண்ணீரில்தான் கரையும். உப்பை உள்ளே வைத்து மேலே எந்த உயர்ந்த பெயின்ட்டைப் பூசினாலும், அது ஈரத்தை இழுத்து ஓராண்டுக்குள் கொப்புளம் விடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்கு மட்டும் மழைநீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள். கழுவிய அன்றே வெயிலிலும் காற்றிலும் நன்றாக உலர்த்திவிடுங்கள். சித்திரை வெயில் இதற்கு வரம்.

உலர்ந்த பின் மூன்று வகைத் துருவைக் காண்பீர்கள். மேலோட்டமாகப் பழுப்பேறியதைக் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் போக்கிவிடும். குழிகுழியாக அரித்ததில், கருமையான துரு குழியின் அடியில் தங்கும். அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசினால் இரும்பு பாஸ்பேட்டாக மாறி அடங்கும். பாட்டிலில் சொல்லியுள்ளபடி கழுவித் துடைத்து, அன்றே எபாக்சி ப்ரைமர் பூசுங்கள். நம் பட்டறைகளில் பழக்கமான சிவப்பு ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்குப் போதும். அது ஈரத்தை உள்ளே விடும், காரின் அடிப்பாகத்துக்குப் போதாது. மூன்றாவது வகை ஓட்டை விழுந்தது. அதற்கு மருந்து கிடையாது. நல்ல தகடு வரும் வரை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு தகடுகள் ஒட்டும் மடிப்புக்குள் அமிலத்தை ஊற்றாதீர்கள், கழுவ வழியில்லாமல் உள்ளேயே நின்று அரிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் எடுப்பதால் மடிப்பை நெம்பித் திறந்திருக்கும். அந்த மடிப்பைப் பிரித்துச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது, மில் பராமரிப்பில் இருக்கும் உங்களுக்குப் பிடிக்கும். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரும் சலவை சோடாவும் கலந்து, பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், வேண்டாத சாதா இரும்புத் துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் கட்டித் தொங்கவிட்டால் துரு தானாக உதிரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டைக் கட்டாதீர்கள். அதிலிருந்து வரும் குரோமியம் நஞ்சு. ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்தவெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் உயர்வலிமை போல்ட்டுகளையும் இதில் போடக் கூடாது; ஹைட்ரஜன் புகுந்து அவை திடீரென்று முறியும் தன்மை பெறும்.

வெல்டிங் விஷயத்தில் உங்கள் ‘ஓரளவு’ எனக்குக் கொஞ்சம் பயம் தருகிறது. கார் உடல் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். ஆர்க் வெல்டிங் ராடு பட்டதும் ஓட்டை விழும், கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும். மெல்லிய கம்பியுள்ள மிக் வெல்டிங்கில், ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே என்று தள்ளித் தள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். வெட்டி எறிந்த தகடுகளில் ஒரு மாதம் பழகிய பிறகு காலடித் தகட்டை நீங்களே செய்யலாம். கதவடிப் பெட்டியைத் தொடும் வேலையை, ஒருமுறையாவது அதைச் செய்தவரிடம் விட்டுவிடுங்கள். கரூர் பஸ் பாடி பட்டறைகளிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் அபாரமான கை வேலைக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பழகியது, கனமான சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் கூடு கட்டும் வேலை. அங்கே தகடு எடை தாங்குவதில்லை. உங்கள் காரில் தனிச் சேசிஸ் கிடையாது, தகடே சேசிஸ். ஆகவே வெட்டும் முன் கதவு இடத்தின் குறுக்கே குழாய்களைப் பற்ற வைத்து முட்டுக் கொடுத்து, மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இதை அவரிடம் சொல்லும்போது தயங்காதீர்கள். வேலை முடிந்து கதவு மூடும்போது மேலே இடைவெளி ஒரு விரலும் கீழே நகக்கண்ணுமாக நின்றால், திருத்த வழியில்லை. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. ஒருமுறை போய், அங்கே நிற்கும் கார்களின் கதவு இடைவெளிகளை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தோட்டத்தில் வேலை செய்யும்போது ஒன்று: பம்ப்செட்டுக்கான இலவச மின் இணைப்பில் வெல்டிங் மெஷினைச் செருக வேண்டாம். அது விதிமீறல், கார் ஆசைக்காக மாமாவின் இணைப்புக்கு வம்பு வரக் கூடாது. வடித்த எஞ்சின் எண்ணெயைத் தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் கொட்டாமல் கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

எஞ்சினுக்கு வருகிறேன். டேங்கை முழுதாக வடித்து, ஃபில்டர்களையும் ரப்பர் டீசல் குழாய்களையும் மாற்றுங்கள்; டேங்க் ஓட்டையாக இருந்தால் வீட்டில் பற்ற வைக்க நினைக்கவே வேண்டாம். குளோ பிளக்குகளை (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்னால் கிராங்க் போல்ட்டில் 27 எண் சாக்கெட் போட்டு, அது சுற்ற வேண்டிய திசையில் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இறுகினால் நிறுத்திவிட்டு மேலும் ஊறவிடுங்கள். நீளக் குழாய் போட்டு நெம்பக் கூடாது. தடையில்லாமல் இரண்டு முழுச் சுற்று வந்த பிறகு எண்ணெய் மாற்றி, கூலன்ட் நிரப்பி, கைப்பம்பால் டீசலை ஏற்றிக் காற்றை எடுத்துவிட்டு, அப்போது அந்தப் புது பேட்டரியை மாட்டலாம்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் பானட் பக்கம் நிற்க வேண்டும். இந்த எஞ்சினைச் சாவி நேரடியாக நிறுத்துவதில்லை. வெற்றிடக் குழாய்கள் வழியாகத்தான் நிறுத்துகிறது. சென்ட்ரல் லாக்கிங் உள்ள வண்டியானால் கதவுப் பூட்டுகளும் அதே வெற்றிடத்தில்தான் இயங்கும். இத்தனை ஆண்டில் ஏதாவது ஒரு கதவுக்குள் ரப்பர் வெடித்திருந்தாலே போதும், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காக எஞ்சின் மேல் பம்பை ஒட்டி ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோல் வைத்திருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு தட்டையான பலகையும் இருக்கட்டும். எஞ்சின் கட்டுமீறி வேகமெடுத்தால், காற்று போகும் வாயைப் பலகையால் மூடினால் அடங்கும். கையால் மூடக் கூடாது.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களின் பிஸ்டன்கள் கண்டிப்பாக இறுகியிருக்கும். காலிப்பர்களைப் பிரித்து ரப்பர்களை மாற்றி, பிரேக் குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டு, புது பிரேக் எண்ணெய் நிரப்புங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். பழைய பேடு தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள், அந்தக் காலத்துப் பேடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். டயர்கள், மேலே எவ்வளவு பூ (தேயாத வரிகள்) இருந்தாலும், மாற்ற வேண்டியவையே.

பெயின்ட் கடைசி வேலை, அதை வீட்டில் செய்ய வேண்டாம். இன்றைய இரு கலவைப் பெயின்ட்டுகளில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. நீங்கள் தேய்த்து ப்ரைமர் வரை கொண்டுவந்து, பெயின்ட் பூத் (அதற்கென்றே உள்ள மூடிய அறை) உள்ள இடத்தில் அடிக்கக் கொடுங்கள். ப்ரைமர் வேலையை ஆடிக்காற்றுப் புழுதியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வைத்துக்கொள்ளாமல், தை முதல் பங்குனி வரை வையுங்கள். நிறக்குறியீடு ரேடியேட்டருக்கு மேலுள்ள குறுக்குத் தகட்டில் பொறித்திருக்கும். அதே நிறம் அடித்தால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் எழுத வேண்டிய வேலை இருக்காது.

மாமா சொன்ன சட்டம் தில்லி வட்டாரத்து விதி. அங்கே 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் தடை வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காரை வயதுக்காக மட்டும் உடைக்க வேண்டியதில்லை. ஆய்வில் தேறி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். ஆனால் மாமா இன்னொரு விதத்தில் உங்களுக்கு முக்கியமானவர். வண்டி அப்பிச்சி பெயரில் இருப்பதால், அம்மாவோடு மாமாவும் அதற்கு வாரிசு. வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தும், படிவம் 31ம் இல்லாமல் பெயர் மாறாது. இந்தக் கையெழுத்து வரும் வரை ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். மினுமினுவென்று வண்டி நிற்கும்போது கேட்பதைவிட, துருப்பிடித்து நிற்கும்போது கேட்பது சுலபம்.

செலவையும் கணக்கில் வையுங்கள். 15 ஆண்டு கடந்த இறக்குமதிக் காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 40 ஆயிரம் ரூபாயானது. 2025இல் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 80 ஆயிரமாக உயர்ந்தது. அதாவது டிங்கர் கேட்கும் தொகைக்கு ஏறக்குறைய சமம். பசுமை வரியும் காப்பீடும் தனி. கோபி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதியின்படி, 50 ஆண்டு நிறைந்த வண்டிக்கு 20 ஆயிரம் ரூபாயில் 10 ஆண்டுக்கான தனிப் பதிவு உண்டு. ஆனால் உங்கள் வண்டிக்கு 2030இல்தான் அந்த வயது வரும், அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. சேசிஸையோ உடலையோ எஞ்சினையோ பெரிய அளவில் மாற்றியிருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது என்பதால், பழைய எஞ்சினை எந்தக் காரணத்துக்காகவும் விற்றுவிடாதீர்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் பொறித்துள்ள சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; அந்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது.

ஈரோட்டு டிங்கரைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்ல மாட்டேன். அவர் சொன்ன விலைக்கு அவர் சொன்ன வேலைதான் கிடைக்கும். பட்டி என்பது வெல்டிங் முடிந்த நல்ல தகட்டின் மேல், மேடுபள்ளம் சமமாக மெல்லிசாக இழுக்க வேண்டியது. ஓட்டையின் மேல் வலை வைத்து அடைக்கும் பட்டி ஈரத்தை உறிஞ்சி, இரண்டு மழைக்குள் விளிம்பில் வெடிக்கும். அவரிடமே போவதானால், துருத் தகட்டை வெட்டிய பிறகும் புதுத் தகடு பற்ற வைத்த பிறகும் பட்டி தொடும் முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் விலை கூடும், அதைக் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு பட்டறை பாருங்கள்.

அடுத்த கடிதத்தில் மூன்று படங்கள் அனுப்புங்கள்: வலது பின் ஜாக்கித் துளை திருப்புளியால் குத்திய பிறகு, ஓட்டுநர் காலடித் தகடு கம்பளத்தை நீக்கிய பிறகு, பின் அச்சு உடலோடு சேரும் வலது மூலை கழுவிய பிறகு. அவற்றைப் பார்த்த பின் எங்கே வெட்டலாம் என்று கோடு போட்டு அனுப்புகிறேன்.